முதியோர் இல்லங்களுக்கு டயாபர்களை மொத்தமாகக் கொள்முதல் செய்தல்

வயது ஏறுந்தோறும் மனித உடலின் இயக்கங்கள் பல தளர்ச்சி அடைகின்றன. கண் மங்குவதையும் செவி மந்தமாவதையும் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுகிறோம். மூக்குக்கண்ணாடி அணிவதற்கு யாரும் கூசுவதில்லை. ஆனால் சிறுநீரையோ மலத்தையோ அடக்க இயலாமற் போகும்போது முதியவர் அதனை மறைக்கவே முயல்கிறார். குடும்பத்தாரும் அதனைப் பிறரிடம் சொல்வதில்லை. முதியோர் இல்லங்களிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே. அரிசிக்கும் பருப்புக்கும் மருந்துக்கும் முறையான கணக்கு இருக்கும். டயாபர்களுக்கு மட்டும், தீர்ந்தபோது கடையில் கிடைத்ததை வாங்குவது என்ற வழக்கம் நிலவும்.

2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 10 கோடியே 38 இலட்சம் பேர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. ஆதரவற்ற முதியோருக்கென மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் மாநில அரசுகள் அமைக்கலாம் என்றும், அத்தகைய இல்லத்தில் குறைந்தது 150 பேர் தங்க வசதி இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டமும் உண்டு. இவையன்றித் தனியார் நடத்தும் உதவியுடன் கூடிய குடியிருப்புகளும் நகரங்களில் பெருகி வருகின்றன. ஆகவே, இச்சாதனங்களை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் வாங்குவது இன்று பல நிர்வாகிகளின் அன்றாடப் பொறுப்பாகிவிட்டது.

இப்பொறுப்பை நிறைவேற்றுவதில் அடிப்படையான விதி ஒன்று உண்டு. டயாபர் ஒன்றின் விலை என்ன என்று மட்டும் பார்ப்பது போதாது. ஒரு முதியவர் ஒரு நாள் முழுவதும் ஈரமின்றியும், தோல் புண்படாமலும், உறக்கம் கெடாமலும் இருக்க எவ்வளவு செலவாகிறது என்பதே கொள்முதலுக்கு அடிப்படையாக வேண்டும். இவ்விதியின் காரணத்தையும், அதனை நடைமுறையில் கொண்டுவரும் முறையையும் கீழே காண்போம்.

முதலில் காரணத்தை அறிதல்

சிறுநீர்க் கட்டுப்பாடின்மை முதுமையின் தவிர்க்க முடியாத விதி அன்று. அது பல காரணங்களால் தோன்றும் ஓர் அறிகுறி. இருமும்போதும் தும்மும்போதும் சிறிதளவு நீர் கசிவது ஒரு வகை. இடுப்படித் தசைகள் தளர்ந்த பெண்களிடம் இது மிகுதி. நீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வு திடீரென எழுந்து, கழிப்பறையை அடையுமுன் வெளியேறிவிடுவது இரண்டாவது வகை. சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல், நிரம்பி வழிவது மூன்றாவது வகை. புராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களிடமும், நீரிழிவினால் நரம்புகள் பாதிக்கப்பட்டோரிடமும் இது காணப்படும். சிறுநீர்ப்பை நன்றாக இருந்தும், மூட்டு வலியாலோ நினைவுத் தடுமாற்றத்தாலோ உரிய நேரத்தில் கழிப்பறைக்குச் செல்ல இயலாமற் போவது நான்காவது வகை.

இவற்றுட் பல சீர்ப்படுத்தக் கூடியவை. சிறுநீர்த் தொற்று, கடும் மலச்சிக்கல், கட்டுக்கடங்காத நீரிழிவு, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மாலையில் உட்கொள்வது ஆகியவை கட்டுப்பாடின்மையை உண்டாக்கவோ மிகுவிக்கவோ கூடும். ஆகையால், புதிதாக இத்தொல்லை தோன்றிய எவரையும் மருத்துவரிடம் காட்டாமல் டயாபர் பட்டியலில் சேர்ப்பது முறையன்று. கொள்முதல் பட்டியலில் ஒரு பெயர் ஏறுமுன் மருத்துவக் குறிப்பில் ஒரு வரி ஏற வேண்டும்.

நான்காவது வகையினருக்குச் சாதனங்களைக் காட்டிலும் வசதிகளே பெரிதும் உதவும். கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலி, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி, இரவில் சிறு விளக்கு, எளிதில் அவிழ்க்கக்கூடிய ஆடை, பகலில் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்டி அழைத்துச் செல்லும் பணியாளர் ஆகிய ஏற்பாடுகள் இருப்பின் பலருக்குப் பகலில் டயாபர் தேவைப்படாது. எழுந்து நடக்கக்கூடிய முதியவருக்குப் பணியாளரின் வசதிக்காக டயாபர் அணிவித்தால், சில மாதங்களில் அவர் நடக்கும் வழக்கத்தையே இழந்துவிடுவார். நீர் குடிப்பதைக் குறைத்து டயாபரை மிச்சப்படுத்த முயல்வதும் தீங்கானது. உடலில் நீர் வற்றினால் சிறுநீர் செறிவடையும். மலச்சிக்கலும் தொற்றும் ஏற்படும். தொல்லை முன்னிலும் அதிகமாகும்.

டயாபரின் அமைப்பு

ஒரு டயாபரைப் பிரித்துப் பார்த்தால் அதில் நான்கு அடுக்குகள் இருப்பது தெரியும். தோலைத் தொடும் மேல் அடுக்கு பாலிபுரொப்பிலீன் இழைகளாலான, நெய்யப்படாத மெல்லிய துணி. அது நீரைத் தன்னிடம் தேக்கிக்கொள்ளாமல் உள்ளே விட்டுவிடும். அதற்கு அடியில் உள்ள இரண்டாவது அடுக்கு, ஒரே இடத்தில் விழும் நீரை விரைந்து வாங்கி நீளவாட்டில் பரப்புகிறது. மூன்றாவது அடுக்கே உறிஞ்சும் பகுதி. அதில் மரக்கூழ்ப் பஞ்சும், அதனிடையே தூவப்பட்ட வெண்ணிறப் பொடியும் இருக்கும். நான்காவது, நீர் வெளியே கசியாதபடி தடுக்கும் பாலிதீன் தாள். இவற்றோடு தொடையை ஒட்டி நிற்கும் மீள்விளிம்பும், இடுப்பில் ஒட்டும் பட்டைகளும், ஈரமானதும் நிறம் மாறும் கோடும் அமைந்திருக்கும்.

மேற்சொன்ன பொடி சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் ரசாயனப் பொருள். நீண்ட சங்கிலிகளாக அமைந்த அதன் மூலக்கூறுகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், அது நீரில் கரைவதில்லை. சவ்வூடு பரவலின் விசையால் நீரை உள்ளிழுத்து, கூழ் போலப் பருத்துவிடுகிறது. பஞ்சைப் பிழிந்தால் நீர் வெளியேறும். இக்கூழை அழுத்தினாலும் நீர் எளிதில் வெளிவருவதில்லை. இதுவே டயாபரின் இரகசியம். இத்தகைய பொருள்களுக்கு முன்னோடியான ஒன்றை, அமெரிக்க விவசாயத் துறையின் பியோரியா ஆராய்ச்சிக்கூடத்தில் மாவுப்பொருளைக் கொண்டு தயாரித்தனர். மண்ணில் ஈரத்தைத் தேக்கி வைக்கவும் அது பயன்பட்டது.

இங்கு ஒரு முக்கியமான செய்தி உண்டு. இப்பொடி தூய நீரைத் தன் எடையைப் போல் சில நூறு மடங்கு உறிஞ்சக்கூடும். ஆனால் சிறுநீரில் உப்புகள் கரைந்திருப்பதால் சவ்வூடு பரவலின் விசை குறைகிறது. உப்பு நீரில் அதன் ஆற்றல் முப்பது முதல் அறுபது மடங்கு அளவிற்கு இறங்கிவிடும். உடலின் பாரம் அழுத்தும்போது இன்னும் குறையும். ஆகவே விற்பனையாளர் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டும் செயல்விளக்கத்தைக் கண்டு எவரும் மயங்குதல் கூடாது.

தோலுக்கு நேரும் தீங்கு

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத்தன்மை உடையது. இவ்வமிலத்தன்மை நோய்க்கிருமிகள் பெருகாமல் காக்கிறது. தோலில் சிறுநீர் நெடுநேரம் தங்கினால், அதிலுள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. தோல் காரத்தன்மை அடைகிறது. அந்நிலையில் மலமும் சேர்ந்தால், மலத்திலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் வலுப்பெற்றுத் தோலையே அரிக்கத் தொடங்கும். ஈரத்தில் ஊறிய தோல் உராய்வைத் தாங்காது. இதன் விளைவாகத் தோன்றும் அழற்சி, படுக்கைப் புண்ணுக்கும் வழிவகுக்கும். அப்புண் ஆற வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆகலாம். டயாபரில் மிச்சம் பிடித்த சில ரூபாயைவிடக் கட்டுத்துணிக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு பன்மடங்காகும். அம்முதியவர் படும் வேதனைக்கு எந்தக் கணக்கேட்டிலும் பத்தி இல்லை.

நம் நாட்டினரின் தோல் நிறத்தில் ஆரம்பச் சிவப்பு தெளிவாகத் தெரியாமற் போகலாம் என்பதைப் பணியாளர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, ஊதா நிறமாகவோ தோன்றும் பகுதி, தொட்டால் வெப்பம், எரிச்சல் என்ற முறையீடு ஆகியவையே எச்சரிக்கைகள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மென்மையான துணியால் ஒற்றித் துடைத்தல் வேண்டும், தேய்த்தல் ஆகாது. காரம் மிகுந்த சோப்பைத் தவிர்த்து, நடுநிலையான கழுவு திரவத்தையோ வெறும் நீரையோ பயன்படுத்தலாம். பின்பு துத்தநாக ஆக்சைடு களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். கனமாகப் பூசினால் அது டயாபரின் மேல் அடுக்கில் படிந்து உறிஞ்சுதலைத் தடுக்கும்.

மலம் கழிந்த டயாபரை உடனே அகற்ற வேண்டும். அதில் ‘இன்னும் இடமிருக்கிறது’ என்ற பேச்சுக்கு இடமில்லை. கசிவைத் தடுக்க ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டயாபர்களை அணிவிப்பது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. உள் டயாபரின் பாலிதீன் தாள் நீரை வெளி டயாபருக்குச் செல்ல விடாது. வெப்பமும் வியர்வையும் மட்டுமே மிகும்.

மூன்று நாள் பதிவேடு

கொள்முதலின் முதற்படி ஒரு பதிவேடு. தொல்லையுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தாளை ஒதுக்கி, தொடர்ந்து மூன்று நாட்கள் இரண்டு மணிக்கு ஒருமுறை குறித்தல் வேண்டும். உலர்ந்திருந்தாரா, ஈரமாயிருந்தாரா, மலம் கழிந்திருந்ததா, கழிப்பறைக்குச் சென்றாரா, எவ்வளவு நீர் அருந்தினார் என்பன குறிக்கப்பட வேண்டியவை. அணியாத டயாபரின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, அகற்றியபின் மீண்டும் எடைபோட்டால் எவ்வளவு நீர் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். ஒரு கிராம் எடை ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டருக்குச் சமம். சமையலறையில் உள்ள சிறு மின்னணுத் தராசு போன்ற ஒன்றை இதற்கெனத் தனியாக வைத்துக்கொண்டால் போதும்.

இப்பதிவேடு பல உண்மைகளை வெளிப்படுத்தும். ஒருவர் பகல் முழுவதும் உலர்ந்திருந்து, விடியற்காலையில் மட்டும் நனைவார். மற்றொருவர் தேநீருக்குப்பின் ஒரு மணி நேரத்தில் தவறாமல் நனைவார். அந்நேரத்திற்குச் சற்று முன் அழைத்துச் சென்றால் போதும். இவ்விருவருக்கும் தினம் நான்கு டயாபர் என்று ஒதுக்குவது வீண்.

தேவையைக் கணக்கிடும் முறை

விளக்கத்திற்காக 50 பேர் தங்கியுள்ள ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டின்படி 28 பேருக்கு எச்சாதனமும் தேவையில்லை. 10 பேருக்கு இரவில் மட்டும் ஒரு டயாபர் வேண்டும். 8 பேருக்குப் பகலில் மூன்றும் இரவில் ஒன்றும் தேவை. படுத்த படுக்கையாக உள்ள 4 பேருக்கு நாள் ஒன்றுக்கு நான்கு டயாபர்களும், கட்டிலின் மேல் இடும் உறிஞ்சு விரிப்புகள் இரண்டும் தேவை என்று கொள்வோம்.

அப்படியானால் நாள் ஒன்றுக்கு வேண்டிய டயாபர்கள் 10, 32, 16 ஆக மொத்தம் 58. முப்பது நாட்களுக்கு 1,740. வயிற்றுப்போக்கு, காய்ச்சல் போன்ற எதிர்பாராத தேவைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 1,914. உறிஞ்சு விரிப்புகள் மாதம் 240. பத்தில் ஒரு பங்கு சேர்த்து 264. பதிவேடு இல்லாமல், 22 பேருக்கும் தலைக்கு நான்கு என்று கணக்கிட்டிருந்தால் மாதம் 2,640 டயாபர்கள் வாங்க நேர்ந்திருக்கும். மேலும், நினைவூட்டி அழைத்துச் செல்வதால் அந்த எட்டுப் பேரும் பகலில் ஆளுக்கு ஒன்று குறைத்துக்கொண்டால் மாதத்திற்கு 240 மிச்சமாகும். அந்த மிச்சத்தைக் கமோடு நாற்காலி வாங்கவும், இரவுப் பணியாளருக்கு ஊதியம் தரவும் பயன்படுத்தலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்பது போன்ற பொது வரம்பு விதிப்பது சிக்கனம் ஆகாது. அது தேவை மிகுந்தவரை ஈரத்தில் கிடத்தும். தேவையற்றவருக்கும் டயாபரைக் கட்டும்.

அளவும் கொள்ளளவும்

அளவு வேறு, கொள்ளளவு வேறு. பெரிய அளவு டயாபர் அதிக நீரைத் தாங்கும் என்று எண்ணி மெலிந்த உடலினருக்கும் பெரியதையே அணிவிப்பது பொதுவான பிழை. தொடையருகே இடைவெளி விழுந்து, டயாபர் நிறையுமுன்னரே நீர் கசிந்துவிடும். சிறியதை இறுக்கி அணிவித்தால் தோல் வெட்டுப்படும். அளவு நாடாவினால் இடுப்புச் சுற்றளவையும் பிட்டச் சுற்றளவையும் அளந்து, இரண்டில் பெரியதைப் பொதியில் அச்சிட்டுள்ள சென்டிமீட்டர் அளவோடு ஒப்பிட வேண்டும். ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்னும் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடுவதால், கொள்முதல் ஆணையில் சென்டிமீட்டரையே குறிப்பிட வேண்டும்.

கொள்ளளவை அளப்பதற்குச் சர்வதேசத் தரநிர்ணய நிறுவனம் வகுத்த ஐ.எஸ்.ஓ. 11948-1 என்னும் முறை உண்டு. டயாபர் முழுவதையும் உப்புக் கரைசலில் மூழ்கவைத்து, வடியவிட்டு, ஏறிய எடையை அளப்பது அம்முறை. விற்பனையாளர் குறிப்பிடும் மில்லிலிட்டர் எந்த முறையால் அளக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். அணிந்த நிலையில் நீர் ஓரிடத்தில் விழுவதாலும், உடல் அழுத்துவதாலும் அக்கொள்ளளவு முழுவதும் பயன்படுவதில்லை. எனவே 1,500 மி.லி. என்று அச்சிட்டுள்ள டயாபர் 1,500 மி.லி. சேரும்வரை தாங்கும் எனக் கொள்ளலாகாது. வெவ்வேறு சரக்குகளை ஒப்பிடுவதற்கு மட்டுமே அவ்வெண் உதவும். முதியோர் டயாபர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமும் தனித் தரநிர்ணயம் வெளியிட்டுள்ளது. அதற்கு இணங்கிய பொருள் என்ற சான்றைக் கேட்டுப் பெறுவது நலம்.

இல்லத்திலேயே செய்யக்கூடிய பரிசோதனை

மொத்தமாக வாங்குமுன் ஒவ்வொரு விற்பனையாளரிடமிருந்தும் மாதிரிகள் பெற்றுக் கீழ்க்கண்டவாறு ஒப்பிடலாம். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்க. டயாபரை விரித்து, நடுவில் 200 மி.லி. கரைசலை ஊற்றி, அது முழுவதும் உள்ளிழுக்கப்பட எத்தனை விநாடி ஆகிறது என்று குறிக்க. பத்து நிமிட இடைவெளியில் இதனை மேலும் இருமுறை செய்க. மூன்றாம் முறை ஊற்றிப் பத்து நிமிடம் கழிந்தபின், எடை பார்த்து வைத்த பத்து உறிஞ்சு தாள்களை ஈரமான இடத்தில் வைத்து, அவற்றின் மேல் இரண்டு கிலோ எடையை இரண்டு நிமிடம் வைக்க. தாள்களின் எடை எவ்வளவு ஏறியதோ, அவ்வளவு நீர் மீண்டும் தோலுக்குத் திரும்பும் என்பது பொருள். எடை குறைவாக ஏறிய டயாபரே சிறந்தது.

இப்பரிசோதனை ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாது. எனினும் ஒரே மேசையில், ஒரே கரைசலைக் கொண்டு செய்யும்போது நல்லதையும் தாழ்ந்ததையும் பிரித்துக் காட்டிவிடும். இதில் தேறியவற்றைச் சிலர் ஒரு வாரம் அணிந்து பார்த்து, அவர்களுடைய அபிப்பிராயத்தையும் இரவுப் பணியாளரின் அபிப்பிராயத்தையும் எழுதிப் பெற வேண்டும்.

விலையை ஒப்பிடுதல்

கணக்கு விளங்குவதற்காக இரண்டு விலைகளைக் கொள்வோம். முதலாவது டயாபர் 25 ரூபாய். விரைவில் நனைந்துவிடுவதால் நாளொன்றுக்கு ஆறு தேவை. இரண்டாவது 32 ரூபாய், நான்கு போதும். முதலாவதில் நாட்செலவு 150 ரூபாய். இரண்டாவதில் 128 ரூபாய். ஒருவருக்கு மாதம் 660 ரூபாயும், பகலிலும் இரவிலும் அணியும் 12 பேருக்கு மாதம் 7,920 ரூபாயும் மிச்சம். நனைந்த விரிப்புகளைத் துவைக்கும் நீரும் சோப்பும் உழைப்பும் இதில் சேரவில்லை.

இதனால் விலை உயர்ந்ததே எப்போதும் சிறந்தது என்று முடிவு செய்துவிடலாகாது. அடிக்கடி மலம் கழிவதனால் மாற்ற நேரும் ஒருவருக்குப் பகலில் குறைந்த கொள்ளளவுள்ளதே ஏற்றது. இரவுக்குக் கொள்ளளவு மிகுந்தது, பகலுக்கு எளியது என்று இரண்டு வகைகளை வாங்குவது பெரும்பாலான இல்லங்களுக்குப் பொருந்தும்.

அரசு நிறுவனங்கள் 2016-இல் தொடங்கப்பட்ட அரசு மின்சந்தை வழியாக வாங்கலாம். 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், தொழில்நுட்ப விவரமும் விலையும் தனித்தனியே அளிக்கும் இரண்டு உறை முறைக்கு இடமளிக்கின்றன. மாதிரிப் பரிசோதனையில் தேறியவர்களின் விலையுறையை மட்டும் திறந்தால், மிகக் குறைந்த விலை என்ற ஒரே காரணத்தால் தரக்குறைவான சரக்கு இல்லத்தினுள் புகாது. மருத்துவ டயாபர்கள் மீதான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய விலைப்பட்டியலின்படி செய்துகொண்ட ஒப்பந்தங்களை இதனடிப்படையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகள் அவசியம். ஆண்டு முழுவதுக்கும் விலையை நிர்ணயித்து, சரக்கை மாதந்தோறும் தவணையாகப் பெறுதல் முதலாவது. பிரிக்கப்படாத பொதிகளை வேறு அளவுக்கு மாற்றித் தரும் உறுதி இரண்டாவது. இல்லத்தில் சேர்வோரும் நீங்குவோரும் இருப்பதாலும், முதியவர்களின் உடல் மெலிவதாலும் அளவுத் தேவை மாறிக்கொண்டே இருக்கும். வந்திறங்கும் சரக்கு மாதிரியோடு ஒத்திருக்கிறதா என்று சோதித்துத் திருப்பி அனுப்பும் உரிமை மூன்றாவது. அருகருகே உள்ள சிறு இல்லங்கள் ஒன்றுகூடி ஒரே ஆணையாக வாங்கினால், பெரிய இல்லங்களுக்குக் கிடைக்கும் விலைச் சலுகை அவற்றுக்கும் கிடைக்கும்.

சரக்கைக் காத்தல்

மிக அதிகமாக வாங்கிக் குவிப்பது பயன் தராது. ஒரு மாதத் தேவையும், மழைக்காலத்தில் போக்குவரத்துத் தடைப்பட்டாலும் சமாளிக்கக்கூடிய பதினைந்து நாள் இருப்பும் போதுமானவை. உறிஞ்சும் பொடி காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். வெப்பத்தில் ஒட்டுப்பட்டைகள் பலமிழக்கும். எலிகள் பஞ்சை நாடி வரும். ஆகவே பொதிகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல், பலகைகளின் மேல், வெயில் படாத காற்றோட்டமான அறையில் அடுக்க வேண்டும். முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். ஒவ்வொருவர் பெயரிலும் வாரந்தோறும் வழங்கிய எண்ணிக்கையைக் குறித்து வந்தால், கணக்கும் சரியாயிருக்கும். ஒருவருடைய தேவை திடீரென மிகும்போது நோயின் அறிகுறியாக அதனை உணரவும் இயலும்.

துணியின் இடம்

பழைய வேட்டி, சேலைத் துணிகளை மடித்துப் பயன்படுத்துவது நம் இல்லங்களில் நெடுங்கால வழக்கம். அது முற்றிலும் விலக்கத்தக்கதன்று. பகலில் உடனுக்குடன் மாற்ற ஆள் இருக்குமிடத்தில் மென்மையான பருத்தித் துணி தோலுக்கு இதமானது. ஆனால் துணி நீரைத் தோலருகிலேயே வைத்திருக்கும். இரவு முழுவதுக்கும் அது ஏற்றதன்று. துணியைச் சோப்பிட்டு வெந்நீரில் துவைத்து, சோப்பு முழுவதும் நீங்க அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். நீர்ப் பஞ்சமுள்ள இடங்களிலும், நீண்ட மழைக்காலத்திலும் இது எளிதன்று. துணிக்குச் செலவே இல்லை என்று எண்ணாமல், நீர், எரிபொருள், பணியாளரின் நேரம் ஆகியவற்றையும் மதிப்பிட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

கழிவை அகற்றுதல்

மேற்கூறிய இல்லத்தில் நாள்தோறும் 58 டயாபர்கள் கழிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் 400 கிராம் என்று கொண்டாலும் அது 23 கிலோவுக்கு மேற்பட்ட கழிவு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயாபர்களையும் உறிஞ்சு விரிப்புகளையும் சுகாதாரக் கழிவு என வரையறுத்து, உறையிட்டு மூடியே ஒப்படைக்க வேண்டும் என்றும், அதற்கான உறையை உற்பத்தியாளர்கள் வழங்க வேண்டும் என்றும் கூறின. 2026-ஆம் ஆண்டின் புதிய விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக்கவனக் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஆகவே கொள்முதல் ஆணையிலேயே உறைகளையும் கேட்டுப் பெறுவதும், உள்ளாட்சி நிர்வாகத்தோடு கழிவை எடுத்துச் செல்லும் ஏற்பாட்டை முன்னதாகச் செய்துகொள்வதும் கொள்முதலின் பகுதிகளேயாம். மலத்தைக் கழிப்பறையில் நீக்கியபின் டயாபரைச் சுருட்டி, அதன் ஒட்டுப்பட்டையாலேயே கட்டி உறையிலிட வேண்டும். திறந்தவெளியில் எரிப்பதும், கழிப்பறைக் குழாயில் இடுவதும், குப்பைக் குழியில் உரத்திற்காகப் போடுவதும் கூடா.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

உப்பு நீர்ப் பரிசோதனை ஒரு நல்ல வகுப்பறைப் பாடமாகும். ஒரு டயாபரிலிருந்து உதிர்த்த பொடியைச் சம எடையில் இரண்டு குவளைகளில் இட்டு, ஒன்றில் வெறும் நீரும் மற்றொன்றில் உப்பு நீரும் அளந்து ஊற்றினால், சவ்வூடு பரவலை மாணவர்கள் கண்ணாரக் காணலாம். பொடி கண்ணிலும் மூக்கிலும் படாதபடி எச்சரிக்கை தேவை. இப்பாடத்தின் வாயிலாக, வீட்டில் உள்ள தாத்தாவும் பாட்டியும் அடையும் இத்தொல்லை ஏளனத்துக்குரியதன்று என்பதை மாணவர்கள் உணர்வார்கள்.

களப்பணியாளர் ஓர் இல்லத்தைப் பார்வையிடும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: தேவையைக் குறித்த பதிவேடு உள்ளதா? இரவுக்குத் தனி வகை வழங்கப்படுகிறதா? தோலைக் கடைசியாகப் பரிசோதித்த நாள் எது? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காத இடத்தில் சரக்கறை நிறைந்திருப்பினும் பராமரிப்பு குறைவாகவே இருக்கும். முதியோர் தம் குறைகளைத் தெரிவிக்க 14567 என்ற தேசிய உதவி எண் இருப்பதையும் அனைவருக்கும் எடுத்துரைக்கலாம்.

ஒவ்வொருவர் முன்பும் அளவு கேட்காமலும், டயாபரைக் கூடத்தின் நடுவே மாற்றாமலும், திரையை இழுத்துவிட்டுப் பணி செய்வதற்குத் தனியாக நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பிறரிடம் சொல்லக் கூசும் ஒரு தேவையை அவர் கேளாமலேயே அறிந்து, உரிய நேரத்தில், உரிய அளவில் நிறைவேற்றும் இல்லமே முதியோருக்கு மதிப்பளிக்கும் இல்லம் ஆகும். அம்மதிப்பிற்கான அடித்தளம், நிர்வாகியின் மேசையில் எழுதப்படும் கொள்முதல் ஆணையிலேயே இடப்படுகிறது.